பரணுக்குக் கீழே நிற்பவர்கள்

ரெண்டு மாசத்துக்கு முன்னால அக்கா பையன் ஒரு வீடியோவோட வீட்டுக்கு வந்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறான். அவன் மாமனாருக்கு ஆலங்காயத்துக்கு மேலே, ஜவ்வாது மலைச் சரிவில் மூணு ஏக்கர் நிலம். சாமையும் கொள்ளும் போடுகிறார்கள். கதிர் முற்றுகிற சமயம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கிவிடும். ஒரு ராத்திரி அசந்தால் போதும், அந்த வருஷத்து உழைப்பு போச்சு. மாமனாருக்கு வயசு அறுபத்தி மூணு. இன்னமும் பரண் கட்டி அதன்மேல் உட்கார்ந்து தகரம் தட்டிக்கொண்டிருக்கிறார்.

வீடியோவில் ஒரு அமெரிக்கர். மான் வேட்டைக்காக மரம் ஏறுகிறார். இரும்புச் சட்டங்கள் ரெண்டு: மேலே உட்காரும் சட்டம், கீழே நிற்கும் சட்டம். ரெண்டும் தனித்தனிக் கம்பி வடத்தால் மரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. மேல்சட்டத்தில் உட்கார்ந்து, காலால் கீழ்ச்சட்டத்தை மேலே இழுக்கிறார். அதில் எழுந்து நின்று மேல்சட்டத்தை மேலே தள்ளுகிறார். கம்பளிப்புழு நகர்கிற மாதிரி, அஞ்சு நிமிஷத்தில் இருபது அடி போய்விட்டார்.

"மாமா, இத நம்மளே செஞ்சுக்கலாம். வெல்டிங்குக்கு வாணியம்பாடில ஆள் இருக்கான். பெல்ட்ட நானே தச்சுக்குறேன், தோலுக்கா பஞ்சம்? நீங்கதான் வேட்டைப் புஸ்தகமெல்லாம் வச்சிருக்கீங்களே, எப்படிக் கட்டினா பயமில்லைன்னு பாத்துச் சொல்லுங்க" என்றான்.

"பெல்ட்ட நானே தச்சுக்குறேன்" என்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பார்த்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டு, அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்து, பரண் வருகிற இடங்களை மட்டும் மறுபடி படித்தேன். ஏற்கெனவே பலமுறை படித்தவைதான். இந்தத் தடவை ஒரே கேள்வியோடு படித்தேன்: இந்தப் பரணால் யாருக்குப் பாதுகாப்பு? அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மான் வேட்டை இங்கே பேச்சுக்கே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுட்டால் ஜெயில். பன்றியைக்கூட நம் இஷ்டத்துக்குக் கொல்ல முடியாது. அவன் கேட்டதும் அதற்கில்லை. விரட்டுவதற்கு உயரமான ஓர் இடம் வேணும், அவ்வளவுதான். ஆனால் மரத்தின்மேல் ராத்திரி முழுக்க உட்காரும் மனுஷனுக்குக் கையில் வில் இருந்தால் என்ன, தகரம் இருந்தால் என்ன, ஆபத்து ஒன்றுதான்.

மேலிருந்து பார்க்கும் கண்

வேட்டை இலக்கியத்தில் பரணைப் பற்றிக் கவனமாக எழுதியவர் என்று யாரைச் சொல்வது? நான் ஜிம் கார்பெட்டைச் சொல்வேன். குமாவுனில் 1910இல் அவர் சுட்ட பனார் சிறுத்தையின் கதை, 1954இல் வந்த 'டெம்பிள் டைகர்' தொகுப்பில் இருக்கிறது. அவர் உட்கார்ந்த மரம் சாய்ந்து வளர்ந்தது, ஏறுவது சுலபம். மனுஷன் ஏறுவது சுலபமென்றால் சிறுத்தைக்கு அதைவிடச் சுலபம். இதை யோசித்துத்தான் அவர் நீளமான முட்கிளைகளை வெட்டிவரச் சொல்லி, அடிமரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்ட வைக்கிறார். ராத்திரி சிறுத்தை முன்பக்கம் கட்டியிருந்த ஆட்டுக்கு முதலில் வரவில்லை. பின்பக்கமாக வந்து அந்த முள்ளைப் பிடித்து இழுக்கிறது. மனுஷன்தான் அதற்கு வேணும். கட்டு அவிழவில்லை, கார்பெட் பிழைத்தார். அந்தக் கட்டுக்குத் தன் உயிரே கடன்பட்டிருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். வீரத்தைப் பேசாமல் முடிச்சைப் பேசுகிறது. கடையில் வாங்கின பரணோ சொந்தமாகக் கட்டின பரணோ, அந்த இடத்துக்கும் அந்த ஆபத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வது என்றால் இதுதான். எந்த மரம், எந்தப் பக்கம் பலவீனம், அதை எதைக் கொண்டு அடைப்பது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இருட்டில் சுட்டார், சிறுத்தைக்குக் காயம். பரணிலிருந்து இறங்குகிறார். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, பைன் மரச் சிராய்ப் பந்தங்களைக் கொளுத்தச் சொல்லி, தான் துப்பாக்கியோடு முன்னால் போக அவர்களைப் பின்னால் வரச் சொல்கிறார். காயம்பட்ட சிறுத்தை பாய்கிறது. பந்தம் பிடித்தவர்கள் ஓடுகிறார்கள். கீழே விழுந்து எரிந்த பந்தத்தின் வெளிச்சத்தில் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்துகிறார். நான் சின்ன வயசில் இதைப் படித்தபோது, ஓடினவர்களைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. மரத்தில் இருந்தவருக்கு முள்வேலி இருந்தது. இறங்கின பிறகு கையில் துப்பாக்கி இருந்தது. பந்தம் பிடித்தவர்களுக்கு என்ன இருந்தது? பந்தம்தான். கார்பெட் நேர்மையானவர், இதை மறைக்கவில்லை. ஆனால் கதையின் கண் துப்பாக்கியோடேயே நகர்கிறது. அவர்கள் அன்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள், மறுநாள் வீட்டில் என்ன பேசினார்கள் என்பது கதைக்கு வேண்டியதாக இல்லை.

ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையும் அப்படித்தான். 1926 மே 2ஆம் தேதி, கோலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரை வழியோரத்து மாமரத்திலிருந்து கார்பெட் அதைச் சுட்டார். கேதார்நாத், பத்ரிநாத் போகிற யாத்ரீகர்கள் நடக்கிற வழி அது. மரத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் தங்குகிற கொட்டகை. பரணைப் போட வழியோரத்து மரத்தைத் தேர்ந்தெடுத்தது வேட்டைக்கணக்குப்படி சரி. சிறுத்தை அந்த வழியில்தான் நடமாடியது. ஆனால் அதே வழியில் நூற்றுக்கணக்கான மனுஷர்களும் நடந்தார்கள். பரணுக்குக் கீழே ஓர் ஊர்வலமே போய்க்கொண்டிருந்தது என்பதை வாசகன் நின்று யோசித்தால்தான் உண்டு.

நம் பக்கத்து மலைகளுக்கு வருவோம். கென்னத் ஆண்டர்சன் பெங்களூர்க்காரர். 1910இல் பிறந்து 1974இல் இறந்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் காடுகளைத் தமிழ் எழுத்தாளர்கள் பலரைவிட அதிகமாக நடந்து பார்த்தவர். ஏலகிரியில் ஆளைத் தின்ற சிறுத்தை ஒன்றைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தையைத் தலைப்பாகக் கொண்ட 1959 தொகுப்பில் இருக்கிறது. வாணியம்பாடியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டை வரைக்கும் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போகிற அதே ஏலகிரி. அதனாலேயே எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். எனக்கும் உண்டு. ஊர்க்காரர்களைப் பேர் சொல்லி எழுதுகிறவர், காட்டுவாசி நண்பர்களைத் தனி ஆளாக மதித்து எழுதுகிறவர்.

ஆனால் பரண் என்று வரும்போது அவரும் மற்ற வேட்டைக்காரர்களும் கேட்பது ஒரே கேள்வி: மிருகத்துக்குத் தெரியுமா, தெரியாதா? இலை வாடியிருக்கிறதா, வெட்டின கிளையின் வெள்ளை தெரிகிறதா, காற்று எந்தப் பக்கம், இருமல் வருமா? இந்த இலக்கியத்தில் 'நல்ல பரண்' என்றால் 'மறைவான பரண்'. பாதுகாப்பும் மறைவும் ஒன்று என்றே எழுதப்படுகிறது. தூங்கி விழுந்தால் என்ன, கால் மரத்துப் போய் இறங்கும்போது வழுக்கினால் என்ன, கயிறு அறுந்தால் என்ன? இவை வந்தால் ஒரு வரியில் வந்து போகும். பரண் கட்டுவதும் அப்படித்தான்: ஆட்கள் கட்டினார்கள், ஏறி உட்கார்ந்தேன். கட்டினவன் அன்று எந்தக் கயிற்றில் தொங்கினான் என்று யாரும் எழுதவில்லை.

எனவே மருமகனுக்குச் சொல்ல இந்தப் புத்தகங்களில் கிடைத்தது பாதி பதில்தான். பின்பக்கத்தை அடை, முடிச்சை நீயே இழுத்துப் பார். மீதிப் பாதிக்கு நான் எதிர்பார்க்காத இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

கீழிருந்து பார்க்கும் கண்

பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். 583 அடி. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்துக்குப் பக்கம். பாட்டில் வருகிற சேயாறு, ஜவ்வாதில் பிறந்து ஓடும் செய்யாறு. அதாவது என் மருமகனின் மாமனார் பரண் போட்டிருக்கிற அதே மலைத்தொடரின் தெற்குப் பக்கத்துப் பாட்டு இது. உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டதிலிருந்து எல்லார் கைக்கும் கிடைக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதை எப்படி நடத்துவோம்? மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்ததால் மலைபடுகடாம் என்று பேர் வந்தது, அருவி ஓசை, பறவை ஓசை என்று ஓசைகளின் பட்டியல், இயற்கை வருணனை அபாரம், அஞ்சு மார்க். இருபது வருஷத்துக்கு மேல் நானும் இதைத்தான் சொன்னேன். பெரிய தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பாட்டின் முதல் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து வேலையை மெச்சியிருக்கிறோம்.

இது ஆற்றுப்படை. ஒரு கூத்தன் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். கூட்டத்தில் பெண்கள் இருக்கிறார்கள், முதுகில் வாத்தியச் சுமை இருக்கிறது, மலை புதுசு. அவன் சொல்வதெல்லாம் இப்படிப்பட்டவை. தினைப்புனத்தில் பன்றிக்காகக் கல்பொறி வைத்திருப்பார்கள், புழைதோறும் இருக்கும், அதனால் ராத்திரி நடக்காதீர்கள், தங்கிவிட்டு விடிந்த பிறகு போங்கள். பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு போங்கள். இது வருணனையா? இன்றைய பாஷையில் சொன்னால், பாதுகாப்புக் குறிப்பு.

பரண் இதில் ரெண்டு இடத்தில் முக்கியமாக வருகிறது. ஒன்றுக்கு இதணம் என்று பேர், இன்னொன்றுக்குக் கழுது.

முதல் இடத்தில் குறவர்கள் உயரமான இதணத்தில் ஏறிக் கைதட்டி, யானைக் கூட்டத்தை விரட்டக் கவண்கல் எறிகிறார்கள். வேட்டைக் கதையாக இருந்தால் நாம் இதணத்தின் மேலே இருந்திருப்போம். கல் யானைமேல் பட்டதா என்று பார்த்திருப்போம். இந்தப் பாட்டு நம்மைக் கீழே நிறுத்துகிறது. அந்தக் கல் மூங்கிலில் பட்டுத் தெறித்து, குரங்குகள் குட்டியோடு சிதறி ஓட, கூற்றுவனைப் போல வேகம் குறையாமல் வரும். அதனால் மரத்தை மறைவாக வைத்துக்கொண்டு கடந்து போங்கள். பரண்மேல் இருப்பவன் கெட்டவன் இல்லை. அவன் தன் தினையைக் காக்கிறான். அவன் கண் யானைமேல் இருக்கிறது, வழிப்போக்கர்மேல் இல்லை. அதனால் வழிப்போக்கர்தான் அவனைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நியாயத்தைக் கோபமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறது பாட்டு.

இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. கழுதில் இருப்பவனுக்குச் 'சேணோன்' என்று பேர், உயரத்தில் இருப்பவன். அவன் விட்ட அம்போடு ஒரு பன்றி ஓடுகிறது. எங்கேயோ போய், மார்பில் புண்ணோடு, நடக்கிற வழியில் விழுந்து செத்துக் கிடக்கிறது. சேணோன் அதைப் பார்க்கவில்லை. கண்டெடுப்பவர்கள் கூத்தர்கள். மூங்கில் தீயில் மயிரைப் பொசுக்கிச் சாப்பிடுங்கள் என்கிறான் வழி சொல்பவன். பசிக்கு நல்ல செய்திதான். ஆனால் வேட்டைக்காரர்களுக்குத் தெரியும், அடிபட்டு ஓடின பன்றி சாகாமலும் இருக்கலாம். பரணிலிருந்து விட்ட அம்பு பரணோடு முடிவதில்லை, யாரோ நடக்கிற வழிக்கு வந்து சேர்கிறது. பனார் சிறுத்தைக் கதையில் பந்தம் பிடித்தவர்கள் நின்ற இடமும் இதே இடம்தான். கார்பெட்டில் கதையின் ஓரத்தில் நின்றவர்கள், இங்கே பாட்டின் நடுவில் நிற்கிறார்கள்.

ஓர் ஆட்சேபம் வரலாம்: ஒரு சங்கப்பாட்டைப் பாதுகாப்புக் கையேடாக்கிக் கவிதையைக் கொல்கிறீர்களே என்று. இந்த ஆபத்துகளையெல்லாம் அடுக்குவதே நன்னனின் மலை எவ்வளவு அரணுள்ளது என்று புகழத்தான் என்றும் சொல்லலாம். ரெண்டாவது சரி. புகழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது, பரிசிலும் வேணுமே. ஆனால் முதலாவதை ஏற்கமாட்டேன். அந்தப் புகழ்பெற்ற ஓசைப் பட்டியலையே எடுத்துப் பாருங்கள். நாம் அருவியைக் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறோம். அந்தப் பட்டியலில், பிடிக்க மறந்த மந்தி ஒன்றின் குட்டி மலைப்பிளவில் விழுந்துவிட, சுற்றத்தோடு சேர்ந்து அது கதறுகிற ஓசை இருக்கிறது. குரங்கே ஏற முடியாத செங்குத்துப் பாறையில் மால்பு என்கிற மூங்கில் ஏணியைச் சார்த்தித் தேன் எடுத்தவர்களின் ஆரவாரம் இருக்கிறது. ரெண்டும் அடுத்தடுத்து வருகின்றன. பிடி தவறினால் கேட்கிற சத்தம், பிடி நின்றால் கேட்கிற சத்தம். உயரம் ஏறுவதைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். எச்சரிக்கையாகப் படித்தால் கவிதை சாகவில்லை, காதில் விழாமல் இருந்தது விழுகிறது.

பெல்ட்

இப்போது சித்தப்பா.

பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னந்தோப்புகளில் காய் பறிக்கப் போவார். காலுக்கு எல்லாரையும் போலக் கயிற்றுத் தளை. இடுப்புக்கு மட்டும் தானே தைத்த தோல் பெல்ட். வெட்டில் மிஞ்சின துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. ஆவாரம்பட்டையில் பதமிட்ட தோல், பார்க்க லட்சணமாக இருக்கும், கையில் எடுத்தால் கனமாக இருக்கும். "இது அறுந்தா மரமே அறுந்த மாதிரிடா" என்பார். நாலு வருஷம் அறுக்கவில்லை. அஞ்சாவது வருஷம் மேலே சாய்ந்து நின்று குலையை வெட்டும்போது, தையல் வரியோடு கிழிந்தது. முதுகெலும்பில் அடி. அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார், கட்டிலில்தான்.

மருமகனை உட்கார வைத்து இதைச் சொன்னேன். அவனுக்குத் தோல் தெரியும், அதனால் சீக்கிரம் புரிந்தது. முதுகுப் பக்கத்துத் தோலும் வயிற்றுப் பக்கத்துத் தோலும் ஒன்றில்லை. வயிற்றுப்பக்கம் இழுத்தால் நீளும். வெட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் அந்த மாதிரித் துண்டுதான். வேர்வை உப்பு ஏறி, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்தால் தோல் மேலுக்குத் தெரியாமலே முறுகும். வரிசையாக ஊசி போட்ட இடம் தபால்தலை ஓரம் மாதிரி, இழுத்தால் அங்கேதான் கிழியும். "ஷூவுக்குச் சரி மாமா, ஆளுக்குச் சரிவராது" என்று அவனே சொன்னான்.

உலகமும் இந்த முடிவுக்கு வந்தாச்சு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் 1998 ஜனவரி 1 முதல், விழுகிறவரைத் தாங்க இடுப்பு பெல்ட் மட்டும் போதாது, உடம்பு முழுக்கச் சுற்றிய வார் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இடுப்பு பெல்ட்டில் தொங்கினால் மூச்சும் முதுகும் போய்விடும். வார், கயிறு எல்லாம் செயற்கை இழையாகத்தான் இருக்கணும் என்றும் இருக்கிறது. நம் ஊரில் கேட்டு வாங்கவேண்டியது ஐ.எஸ். 3521 முத்திரை உள்ள முழு உடல் வார். தோல் ஊரில் உட்கார்ந்துகொண்டு நைலான் வாரை வாங்கச் சொல்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கு. பரவாயில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொன்னேன். அந்த அமெரிக்கச் சாதனம் நமக்கு அந்நியமில்லை. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரி ஜோசப் கண்டுபிடித்த தென்னை ஏறும் கருவி நம் பக்கமும் புழங்குகிறது. மரத்தைச் சுற்றும் வடத்தோடு ரெண்டு மிதி, நின்றபடியே ஏறலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக் கருவியில் மேல்சட்டம் கீழ்ச்சட்டம் ரெண்டும் உண்டு, உட்கார்ந்து ஏறலாம். வீடியோவில் பார்த்ததற்கு ஒன்றுவிட்ட தம்பி. செம்பேரிக் கருவி வேகமானது, ஆனால் கை நழுவினால் தாங்க ஒன்றும் இல்லை. அந்தக் குறைக்காகத்தான் காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஒரு பாதுகாப்பு இணைப்பைத் தனியாகச் செய்தது. நல்ல மாற்றம் என்பதற்கு உதாரணம் இது. கருவியின் எலும்பில் கை வைக்கவில்லை, இல்லாததை மட்டும் சேர்த்தார்கள்.

அவனுக்கு நான் எழுதிக் கொடுத்தவை இவை:

வெல்டிங் வேண்டாம். சோதிக்கப்பட்ட கருவியை வாங்கு. எவ்வளவு எடை தாங்கும் என்பதில் ஆள் மட்டுமல்ல, உடுப்பு, டார்ச், தண்ணீர் எல்லாம் சேரும். அமெரிக்கச் சட்டங்களில் பல 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோவுக்குச் செய்தவை. நீ மாற்றலாம் என்றால் சத்தம் வராமல் துணி சுற்றுவது, உட்காருமிடத்துக்கு மெத்தை வைப்பது, அவ்வளவே. துளை போடாதே, போல்ட்டை மாற்றாதே.

மரம் நேராக, கிளையில்லாமல், உயிரோடு இருக்கணும். மேலே போகப் போக மரம் சிறுக்கும், அதனால் தரையில் மட்டமாக இருக்கிற சட்டம் மேலே போனதும் முன்பக்கம் தாழ்ந்துவிடும். கீழே மாட்டும்போதே முன்பக்கம் சற்றுத் தூக்கலாக மாட்டு.

ரெண்டு சட்டத்தையும் ஒரு வாரால் பிணைத்து வை. கீழ்ச்சட்டம் நழுவி விழுந்தால், மேல்சட்டத்தில் உட்கார்ந்தவர் இறங்க வழியில்லாமல் தொங்குவார்.

உடல் வாரை மரத்தோடு கட்டுவது மேலே போன பிறகு இல்லை, தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே. அவிழ்ப்பது தரையில் கால் வைத்த பிறகு. கட்டு தலைக்கு மேலே இருக்கணும், தொய்வு குறைவாக இருக்கணும். விழுந்து வாரிலேயே ரொம்ப நேரம் தொங்கினால் ரத்த ஓட்டம் கெடும், அதனால் கால் ஊன்ற ஒரு வளையக் கயிறு கைக்கு எட்ட இருக்கட்டும். எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று வீட்டில் சொல்லாமல் ஏறக்கூடாது.

இதுவரைக்கும் மேலே இருப்பவருக்கு. கடைசி ரெண்டும் மலைபடுகடாத்திலிருந்து எடுத்தது. ஒன்று, ஒற்றையடிப் பாதைக்கு மேலே பரண் போடாதே. மாமனார் தகரம் தட்டுவதோடு கல்லும் எறிகிறவர். விடியற்காலையில் அந்த வழியாகப் பால் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ரெண்டு, நிலத்தைச் சுற்றிக் கண்ணியோ கரண்ட் வேலியோ போடும் எண்ணம் யாருக்கு இருந்தாலும் விட்டுவிடச் சொல். அந்தப் பழைய கல்பொறிக்காவது, ராத்திரி நடக்காதீர்கள் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தான். இன்றைக்குக் கரண்ட் வேலியில் செத்துப்போகிற ஆட்களுக்கு யாரும் சொல்வதில்லை.

படித்துவிட்டு, "மாமா, எல்லாம் சரி. அவருக்கு அறுபத்தி மூணு வயசாச்சு, அவர ஏன் ஏத்தணும்?" என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை. எத்தனை புத்தகம் படித்தும் நான் பரணையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு முடிவு இதுதான்: பழைய பரணை எட்டடி உயரத்துக்கு இறக்கி, அகலமான படி வைத்துக் கட்டுகிறார்கள். ராத்திரிக் காவலுக்கு அவனும் மைத்துனனும் மாற்றி மாற்றிப் போகிறார்கள். ஏறும் சட்டம் வாங்குவதை அடுத்த போகத்துக்கு ஒத்திவைத்திருக்கிறான். உடல் வார் மட்டும் ரெண்டு வாங்கியாச்சு.

அந்த ஓசைப் பட்டியலில் இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். புலி பாய்ந்து மார்பில் நீளமாகக் கிழிபட்ட கணவன்மாரின் புண் ஆற, காப்பாகக் கொடிச்சியர் பாடுகிற பாட்டு அது. வேட்டைக் கதைகள் குண்டு பட்டதும் முடிந்துவிடும். இந்தப் பாட்டு அதற்கப்புறம் வீட்டுக்குள் என்ன சத்தம் கேட்டது என்றும் கேட்டு எழுதி வைத்திருக்கிறது. சித்தி பாடினதில்லை. அவருக்குப் பாட்டு வராது. ஆனால் பதினோரு வருஷம், தினமும் விடிகாலை நாலு மணிக்கு, சித்தப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். இருபது வருஷத்துக்கு மேல் மலைபடுகடாம் நடத்தினபோது அந்தக் கொடிச்சியர் அடிகளுக்கு வந்ததும் நான் வேகமாகத் தாண்டிப் போனது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.